ஆர்க்கிட்டுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான்

பழைய மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் ஒரு முறை கிளைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். கிளைக் கவட்டில், தடித்த நீண்ட இலைகளை இரு பக்கமும் அடுக்கிக்கொண்டு, வெள்ளைக் கயிறு போன்ற வேர்களை மரப்பட்டை மீது படர விட்டபடி ஒரு செடி ஒட்டியிருப்பதைச் சில தோப்புகளில் காணலாம். புல்லுருவி என்று நினைத்துப் பலர் இதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். புல்லுருவி கிளைக்குள்ளேயே வேரை இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. அதை வெட்டத்தான் வேண்டும். ஆனால் இந்தச் செடி மாமரத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. உட்கார ஒரு திண்ணை கிடைத்தால் போதும் என்று இருப்பது. வாண்டா டெசெல்லேட்டா என்று தாவர நூலார் இதை அழைக்கிறார்கள். நர்சரிகளில் அதிக விலைக்கு விற்கும் ஆர்க்கிட் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் சமவெளியிலேயே வளர்வது.

சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கிளைக்கு யாரும் குடம் எடுத்துக்கொண்டு போய் நீர் ஊற்றுவதில்லை. எப்போதோ ஒரு கோடை மழை, விடியற்காலைப் பனி, இவ்வளவுதான் அதற்குக் கிடைப்பது. அப்படியும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து பூக்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்துச் செடி வீட்டுத் தாழ்வாரத்தில் வேளை தவறாமல் நீர் ஊற்றியும் ஏன் செத்துப் போகிறது?

காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதிக் கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றத்தில், சமணக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் இதே கேள்வியை அண்மையில் என்னிடம் கேட்டார்கள். கொஞ்சம் நிலமும் வீட்டில் ஒரு தறியும் உள்ள குடும்பம். வீட்டு அம்மாள் ஆறு டென்ரோபியம் ஆர்க்கிட் செடிகள் வாங்கி வைத்திருந்தார். நான்கு போய்விட்டன. விற்றவர் சொல்லி அனுப்பியது ஒரே விஷயம்தான்: தினமும் தண்ணீர் விடுங்கள். செடி வந்த தொட்டியில் மண்ணே இல்லாமல் வெறும் கரியும் மட்டையும் இருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், செம்மண்ணும் எருவும் கலந்து ரோஜாவுக்கு வைப்பது போல் வேறு தொட்டியில் மாற்றி வைத்திருக்கிறார்.

"காலையிலே ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்தறேன் ஐயா. அப்பவும் இலை சுருங்குது. இன்னும் சேத்து ஊத்தணுமா?"

"வேண்டாம் அம்மா. முதலில் வேரைப் பார்ப்போம்."

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்துப் பார்த்தோம். வேர்கள் பழுப்பாகக் கொழகொழத்து இருந்தன. விரலால் இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. இலை சுருங்கியதற்குக் காரணம் செடிக்கு நீர் கிடைக்காததுதான். தொட்டி நிறைய நீர் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேர் இல்லை. வாட்டத்தைக் கண்டு இன்னும் நீர் ஊற்ற, இருந்த ஒன்றிரண்டு வேரும் அழுகியிருக்கின்றன. ஆர்க்கிட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் செடியைப் பறிகொடுப்பது இந்த வழியில்தான்.

வேர் பஞ்சு போன்றது

உலகில் 25,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் உள்ளன. இந்தியத் தாவர ஆய்வுத் துறை 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் மட்டும் 1,256 வகைகள். இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மரத்தின் மீது வாழ்பவை. சேலம் மாவட்டம் ஏற்காட்டில் அதே துறை 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் பண்ணைக்குச் செல்பவர்கள் இவற்றில் பலவற்றை நேரில் பார்க்கலாம். தரையில் மண்ணில் வளரும் ஆர்க்கிட்டுகளும் உண்டு என்றாலும், கடைகளில் விற்கும் டென்ரோபியம், வாண்டா, பெலனாப்சிஸ், கேட்லியா எல்லாமே மரத்தில் வாழும் இனத்தைச் சேர்ந்தவை.

இவற்றின் வேரைச் சுற்றிப் பல அடுக்காக உயிரற்ற செல்களால் ஆன ஓர் உறை இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே பருத்தியை வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்த உறை பஞ்சு போலத்தான் வேலை செய்கிறது. மழை பட்டதும் சில நிமிடங்களில் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை நிதானமாக உள்வேருக்குக் கொடுக்கும். காய்ந்திருக்கும்போது பஞ்சின் இடுக்குகளில் காற்று இருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சையம் தெரிந்து வேர் பச்சையாகும். மரக்கிளையில் மழை நின்ற சில மணி நேரத்தில் காற்று அடித்து இந்தப் பஞ்சு உலர்ந்துவிடும். அந்த உலர்ச்சியும் வேருக்குத் தேவை. இரவும் பகலும் ஈரமாகவே இருந்தால் காற்றுப் புகாமல் வேர் மூச்சுத் திணறும், பிறகு பூசணம் ஏறும்.

நெல் விவசாயிகள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்காமல், கட்டிய நீர் மறைந்து மயிரிழை போல் வெடிப்பு கண்ட பிறகு அடுத்த தண்ணீர் கட்டுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். திருந்திய நெல் சாகுபடியில் சொல்லித் தருவதும் அதுவே. ஆர்க்கிட்டுக்கும் அதே முறைதான். வித்தியாசம் என்னவென்றால், நெல் ஒரு வாரம் நீர் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும், ஆர்க்கிட் பொறுக்காது.

ஊற்றும் முறை

விட வேண்டிய அன்று நீரை நன்றாக விட வேண்டும். தினமும் ஒரு கை தெளிப்பது மேலே ஈரமும் நடுவில் காய்ச்சலுமாகச் செடியை ஏமாற்றும் வேலை. பூவாளியால் வேரும் தொட்டி நிரப்பியும் முழுக்க நனையும்படி ஊற்றி, அடித்துளை வழியே நீர் ஓடி வர வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு முறை ஊற்ற வேண்டும். முதல் தண்ணீரில் காய்ந்த பஞ்சு இளகும், இரண்டாம் தண்ணீரில் நிறையும். ஆறு அங்குலத் தொட்டிக்கு இரண்டு முறைக்கும் சேர்த்து அரை லிட்டர் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்கக் கூடாது.

நேரம் காலைதான். எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் இலையும் தண்டும் உலர்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் குருத்தில் நீர் நிற்கும். பெலனாப்சிஸ் செடியில் இது பெரிய ஆபத்து. அதற்கு நீர் சேர்த்து வைக்கும் தண்டும் இல்லை, பக்கக் கன்றும் எளிதில் வராது. ஒரே குருத்து அழுகினால் பெரும்பாலும் செடியே முடிந்தது. குருத்தில் நீர் தங்கியிருந்தால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டால், நாளை எண்ணி நீர் விடாதீர்கள் என்பதே பதில். வேர் வெள்ளியாகிவிட்டதா என்று பாருங்கள். வேர் தெரியாத தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். ஊற்றிய அன்று இருக்கும் கனம் கைக்குப் பழகிவிடும், காய்ந்த தொட்டி பாதிக் கனம்தான் இருக்கும். அதிலும் ஐயமென்றால் ஒரு தென்னை ஈர்க்கைத் தொட்டியின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈர்க்கில் ஈரம் தெரிந்தால் இன்று நீர் வேண்டாம். செலவில்லாத கருவி.

காஞ்சிபுரம் பருவத்துக்கு ஏற்ப

சித்திரை முதல் ஆனி வரை வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடும் நாட்களில் டென்ரோபியத்துக்குத் தினமும் காலையில் நீர் தேவைப்படும். கூடையில் வேர் தொங்கும்படி வைத்த வாண்டாவுக்கு மாலை நான்கு மணி வாக்கில் இன்னொரு முறையும் தெளிக்கலாம். இந்த மாதங்களில் வேரை விடக் காற்றின் வறட்சியே செடியை அதிகம் வாட்டும். தறிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வறண்ட காற்று அடிக்கும் நாளில் இழை அடிக்கடி அறுபடும். குழித்தறியின் குளிர்ச்சி அதற்குத் துணை. செடிக்கும் அந்தக் குளிர்ச்சி வேண்டும் என்றால் தொட்டியில் அதிகம் ஊற்றுவது வழியல்ல. நடுப்பகலில் தரையை நனைத்து விடுங்கள். அல்லது அகலத் தட்டில் செங்கல் ஜல்லியைப் பரப்பி, பாதி உயரத்துக்கு நீர் ஊற்றி, ஜல்லியின் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி நீரைத் தொடக் கூடாது. தறி வீட்டுக்குள்ளேயே செடியை வைக்கலாமா என்றும் கேட்டார்கள். வெளிச்சம் போதாது. இருட்டான இடத்தில் தொட்டி காயவும் நாளாகும், பூவும் வராது. கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில் காலை இளவெயில் படும் இடமே மேல்.

ஆடி, ஆவணியில் மாலை இடிமழை வரும். மழை பெய்த மறுநாள் ஊற்ற வேண்டாம். மற்ற நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செடிகள் தாழ்வாரத்துக்குள் இருக்க வேண்டும். விட்டு விட்டுப் பெய்யும் மழை செடிக்கு நல்லதுதான். மூன்று நாள் விடாமல் பெய்யும் புயல் மழைதான் வேரைத் தின்றுவிடும். அந்த நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் கூட நீர் ஊற்றத் தேவைப்படாது. தை பிறந்த பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை, பங்குனியில் வெயில் ஏற ஏறக் கூட்டிக்கொள்ளலாம். நாள் கணக்குகள் எல்லாம் வழிகாட்டிதான், ஈர்க்குச் சொல்வதே தீர்ப்பு.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர்கள் அங்கே தினமும் ஆர்க்கிட்டுக்கு நீர் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கும் அப்படியே செய்யச் சொல்வதுண்டு. 1981-இல் வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட்டைத் தேசிய மலராக ஏற்றுக்கொண்ட நாடு அது. ஆர்க்கிட் வளர்ப்பில் தேர்ந்தவர்கள்தான். ஆனால் அங்கே வேர்கள் காற்றில் தெரியும்படி வளர்க்கிறார்கள், நனைந்த வேர் அன்றைக்கே உலர்ந்துவிடுகிறது. களிமண் தொட்டியில் புதைத்த வேருக்கு அந்த யோசனை ஒத்து வராது.

எந்தத் தண்ணீர்?

இந்தப் பக்கத்தில் செடிகளை வாட்டும் இரண்டாவது காரணம் தண்ணீரின் உப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கிணற்று நீரில் நெல் விளைகிறது, கத்தரி காய்க்கிறது, ஆர்க்கிட்டுக்கு மட்டும் என்ன என்று கேட்கலாம். நெல்லுக்கு மண் இருக்கிறது. உப்பில் ஒரு பங்கை மண் வாங்கிக்கொள்ளும், மழை கழுவி இறக்கும். ஆர்க்கிட் வேருக்கு அந்தத் தடுப்பு இல்லை. பஞ்சு உறை இழுத்த நீர் காய்ந்து போகும், உப்பு அங்கேயே தங்கும். அடுத்த தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சேரும். சில மாதங்களில் வேரின் பச்சை நுனி கறுத்து வளர்ச்சி நின்றுவிடும். செங்கல் சுவரில் உப்புப் பூப்பது போல் தொட்டியின் வெளிப்புறத்திலும் கரித் துண்டுகளிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அறியலாம்.

பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர்களுக்கு நீரின் குணம் தெரியும். நூலின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது கடின நீராக இருந்தால் சோப்பு திரிந்து நூலிலே படியும், சாயமும் திட்டுத் திட்டாக ஏறும். பட்டுக்கு ஆகாத நீர் ஆர்க்கிட்டுக்கும் ஆகாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் அரை லிட்டர் நீரை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்தும் திறனைப் பார்க்கச் சொல்லலாம். 0.5 டெசி சைமனுக்குள் இருந்தால் கவலை இல்லை. 1-ஐத் தாண்டினால் அந்த நீரை மட்டுமே நம்பி ஆர்க்கிட் வளர்ப்பது கடினம். நெல்லுக்கு அது நல்ல நீராகவே இருக்கக் கூடும்.

குழாய் நீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும், உப்பு போகாது. இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆர்க்கிட்டுக்கு அதை ஊற்றவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் அதைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் விட மழை நீரே சிறந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தமிழ்நாட்டில் பல வீடுகளில் குழாய் பொருத்தினார்கள். அந்தக் குழாயின் வாயில் ஒரு பீப்பாய் வைத்தால் போதும். பத்து சதுர மீட்டர் கூரையில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் 250 லிட்டர் நீர் விழும். தூசியும் எச்சமும் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு ஐப்பசியில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்பிக்கொள்ளுங்கள். பத்துத் தொட்டிக்கு ஒரு முறைக்கு ஐந்து லிட்டர் என்றால் நாற்பது முறை வரும். தை முதல் மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் பங்குனி முழுதும் தாண்டிவிடலாம். பீப்பாயின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு கொசுவை நாமே வளர்த்தவர்களாவோம்.

கோடையில் மழை நீர் தீர்ந்துபோனால் கிணற்று நீரும் மற்ற நீரும் கலந்து ஊற்ற நேரிடும். அப்போது பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது உப்பில்லாத நீரைத் தாராளமாக ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

தொட்டியும் உரமும்

மண், எரு, தொழுவுரம் எதுவும் தொட்டியில் வேண்டாம். பக்கங்களிலும் துளை போட்ட மண் தொட்டியில் அடுப்புக் கரித் துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் சம அளவில் இட்டாலே போதும். தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் இரண்டு மூன்று நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பையும் துவர்ப்பையும் போக்கிய பிறகு சேர்க்க வேண்டும். மட்டை ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைக்கும். அது கோடைக்கு நல்லது, மழைக்காலத்துக்குக் கெடுதல். தொட்டி மழை படும் இடத்தில் இருந்தால் மட்டை சேர்க்காமல் விடலாம்.

நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம். வெறும் நீரால் வேரை நனைத்த பிறகே உரநீர் தெளிக்க வேண்டும். காய்ந்த வேரில் பட்டால் சுடும். வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கிறேன் என்ற சோதனை வேண்டாம்.

கடன் வாங்கும் முன்

கல்யாண மண்டப அலங்காரத்துக்கு ஆர்க்கிட் பூ கேட்கிறார்களே, நிழல்வலைக் குடில் போட்டு வளர்க்கலாமா என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். டென்ரோபியம் பூங்கொத்து வெட்டிய பிறகும் பல நாள் வாடாமல் இருப்பது. தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்து இங்கே விற்கிறது. ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் சிறிய கன்று வாங்கி நட்டால் முதல் பூவுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை குடிலும் செடியும் போட்ட முதல் வட்டி தின்னும். உப்பு நீர் உள்ள இடத்தில் குடிலுக்கு முன்னால் மழை நீர்த் தொட்டிக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். பத்துத் தொட்டிகளைத் தாழ்வாரத்தில் ஓர் ஆண்டு, ஒரு கோடையும் ஒரு அடைமழையும் தாண்டிக் காப்பாற்றிப் பாருங்கள் என்று சொன்னேன். பத்தில் எட்டு புது வேர் விட்டு நின்றால் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் மானிய விவரம் கேட்கப் போகலாம். அதற்கு முன் நகையை அடகு வைக்கக் கூடாது.

காட்டில் கிடைக்கிறதே என்று காப்புக் காடுகளிலிருந்து ஆர்க்கிட் பெயர்த்து வருவது குற்றம். அப்படிக் கொண்டு வந்த செடிகள் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

அழுகிய செடிக்கு வைத்தியம்

மீதி இருந்த இரண்டு செடிகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன், பலருக்கும் பயன்படும். மண்ணை முழுதும் கழுவினோம். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவைத்து, கொழகொழத்த வேர்களை எல்லாம் வெட்டினோம். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேரை மட்டும் விட்டோம். ஒன்றில் மூன்று வேர் தேறியது, இன்னொன்றில் ஒன்றுதான். வெட்டுவாயில் கரித்தூளைத் தொட்டு வைத்து, ஒரு நாள் முழுதும் நிழலில் கிடத்தி உலர விட்டோம். பூசணக்கொல்லி போட விரும்புகிறவர்கள் அலுவலரைக் கேட்டுப் போட வேண்டும். பயிருக்கு வாங்கி வைத்த தாமிர மருந்தை எடுத்து ஊற்றிவிடக் கூடாது. டென்ரோபியத்துக்குத் தாமிரம் ஆகாது.

மறுநாள் புதுக் கரியும் ஓடும் இட்ட சிறிய தொட்டியில், செடி ஆடாதபடி ஒரு குச்சியில் பருத்தி நூலால் கட்டி வைத்தோம். வேர் இல்லாத செடிக்குப் பெரிய தொட்டி வைத்தால் அது காயவே காயாது. நிழலில் வைத்து, காலையில் இலையின் மேலும் கீழும் பனி போல் தெளித்தால் போதும். தொட்டிக்கு வாரம் இரு முறை. சுருங்கிய இலை மறுபடி நிமிராது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தண்டின் அடியில் பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அது இரண்டு அங்குலம் நீளும் வரை உரம் கிடையாது.